சூடு வேறு, சக்தி வேறு
சட்டைப் பையில் அடங்கும் சால்டரிங் அயர்ன் எப்படி வேலை செய்கிறது?

(நமது நிருபர்)

திருவனந்தபுரம்:

ரேடியோ, டெலிவிஷன், மொபைல் போன் என்று எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான ஈயப் புள்ளிகள் மின்னுவதைக் காணலாம். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பற்று. அவற்றில் ஒன்று விட்டுப் போனாலும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சாமான் ஊமையாகிவிடும். அந்தப் பற்றை வைக்கவும் எடுக்கவும் பயன்படுவது சால்டரிங் அயர்ன்.

சுவரில் மாட்டி, சூடேறும்வரை காத்திருந்து, வயரை இழுத்து இழுத்து வேலை செய்த அந்த அயர்ன் இப்போது உருமாறியிருக்கிறது. பேனாவை விடச் சற்றுத் தடித்த, சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகக்கூடிய அயர்ன்கள் வந்துள்ளன. மொபைல் போனையும் மடிக் கம்ப்யூட்டரையும் சார்ஜ் செய்கிற அதே சார்ஜரில் இவை இயங்குகின்றன. பத்துப் பதினைந்து வினாடியில் 350 டிகிரி சூட்டை எட்டி, அந்தச் சூட்டைச் சிறு திரையில் எண்ணாகக் காட்டவும் செய்கின்றன.

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்குகிறவர்களில் பலர், "பெயர்தான் பெரிது, ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது" என்று குறைப்படுகிறார்கள். வேறு சிலர் அதே அயர்னைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையே. ஏன் இப்படி? சூடு என்பது ஒன்று, சக்தி என்பது வேறொன்று. இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு அயர்ன் நன்றாக உழைக்கும். தெரியாதவருக்குக் காசும் போய், வாடிக்கையாளரின் போர்டும் போய்விடும்.

இந்த ஊரின் தொழில்

திருவனந்தபுரத்துக்கும் ஈயப் பற்றுக்கும் உள்ள உறவு பழையது. 1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. 1973-ல் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் கே. பி. பி. நம்பியாரைத் தலைவராகக் கொண்டு இங்கே தொடங்கியது. மாநில அரசு ஒன்று எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் இறங்கியது அதுவே முதல் தடவை. கெல்ட்ரான் டெலிவிஷன் கேரளத்து வீடுகளில் இடம்பிடித்த காலத்தில், அதைப் பழுதுபார்க்கக் கற்றவர்களும் ஊருக்கு ஊர் தோன்றினார்கள். 1990-ல் டெக்னோபார்க் வந்தது.

இவை பெரிய இடங்கள். ஆனால் அன்றாடம் அயர்னைப் பிடித்துப் பிழைப்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் சாலைக் கடைத்தெருப் பக்கமும் கிழக்கேகோட்டை, தம்பானூர்ப் பக்கமும் போக வேண்டும். அங்குள்ள சிறு கடைகளில் பலவற்றுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு அயர்ன் என்பதே மூலதனம். சாக்கை ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் படித்து வெளியே வரும் பையன் முதலில் வாங்குவதும் அயர்ன்தான். செப்புத் தடம் உரிந்து வந்துவிட்டால் போர்டின் விலை அவன் தலையில் விழும். ஒரு வாரத்து வருமானம் ஒரு நிமிஷத்தில் கரைந்துபோகலாம். ஆகவே அயர்னின் சூடு இவர்களுக்குச் சோற்றுப் பிரச்னை.

பழைய அயர்னின் குறை

நம் வீட்டு விசேஷங்களுக்கு நகை செய்யும் தட்டார், பொடி வைத்து ஊதி நகையைப் பற்றவைப்பார். சூடு போதுமா என்பதை அவர் நெருப்பின் நிறத்திலும் உலோகத்தின் மினுமினுப்பிலும் கண்டுகொள்வார். அவரிடம் உஷ்ணமானி கிடையாது. கண்ணே உஷ்ணமானி. சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னிலும் இதே கதைதான். அதற்குத் தன் சூடு எவ்வளவு என்று தெரியாது. பிடித்திருப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் உள்ளே நைக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. 230 வோல்ட் கொடுத்தால் 25 வாட் சூடு உண்டாகும். சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போதும் 25 வாட், பாரமான வேலையைச் செய்யும்போதும் அதே 25 வாட். இதனால் இரண்டு கெடுதல்கள். சும்மா கிடக்கும்போது சூடு தேவைக்கு மேல் ஏறி, முனை கறுத்துப்போகிறது. தொழிலாளர் 'பிட்' என்று சொல்லும் இந்த முனை கறுத்துவிட்டால் ஈயம் அதில் ஒட்டாது. மாறாக, தடித்த செப்புத் தகட்டில் வைத்தால் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ள, பிட் குளிர்ந்து ஈயம் களிமண்போல் இழுபடுகிறது. வேலை இல்லாதபோது கொதிக்கிறது, வேலை வரும்போது குளிர்கிறது.

வோல்ட்டேஜ் விளையாட்டு வேறு இருக்கிறது. சூட்டின் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை ஊர் முழுதும் விளக்கெரியும் நேரத்தில், லைனின் கடைசி வீட்டில் 230 வோல்ட் 190 ஆக இறங்கிவிட்டால் 25 வாட் அயர்ன் 17 வாட் அயர்னாகிவிடும். 250 ஆக ஏறினால் ஏறத்தாழ 30 வாட். காலையில் நன்றாக உருக்கிய அயர்ன் மாலையில் சண்டித்தனம் செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காந்தம் வைத்த காவல்

அயர்னுக்குத் தன் சூட்டைத் தெரிவிக்க வேண்டும் என்பது பல காலத்து ஆசை. அமெரிக்க வெல்லர் கம்பெனி அதற்கு ஒரு அழகான வழி கண்டது. எந்தக் காந்த உலோகமும் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் காந்த குணத்தை இழந்துவிடும். இரும்புக்கு அது 770 டிகிரி. கலப்பு உலோகங்களில் இந்த எல்லையை வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம். வெல்லர் தன் பிட்டின் பின்புறத்தில் அப்படி ஒரு சிறு உலோகக் கட்டியைப் பொருத்தியது. பிட் குளிர்ந்திருக்கும்போது கட்டி ஒரு காந்தத்தை இழுக்கும், சுவிட்ச் மூடும், கரண்ட் பாயும். சூடு எல்லையைத் தொட்டதும் கட்டி காந்தத்தைக் கைவிடும், சுவிட்ச் திறந்துகொள்ளும்.

பிட்டின் மேல் 6, 7, 8 என்று எண் பொறித்திருப்பார்கள். 7 என்றால் 700 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 370 டிகிரி சென்டிகிரேட். சூட்டை மாற்ற வேண்டுமென்றால் பிட்டையே மாற்ற வேண்டும்! எனினும், சும்மா கிடக்கும்போது சூடு எல்லை மீறுவதை இது தடுத்துவிட்டது.

பின்னர் மேஜை மேல் வைக்கும் 'ஸ்டேஷன்'கள் வந்தன. ஜப்பானின் ஹாக்கோ 936 மாதிரியும் அதன் நகல்களும் கடைதோறும் பரவின. இவற்றில் பீங்கான் சூடேற்றியும் அதனுள்ளேயே ஓர் உஷ்ண உணரியும் இருக்கும். பிட், உறைபோல அதன் மேல் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி. காற்று சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. ஆகவே, உள்ளே இருக்கும் உணரிக்குச் சூடேற்றியின் சூடுதான் சரியாகத் தெரியும். வேலை நடக்கும் முனையின் சூடு தாமதமாகத்தான் தெரியவரும்.

இரண்டு உலோகம் தரும் தகவல்

இப்போதைய சட்டைப்பை அயர்ன்களில் இந்த இடைவெளியே இல்லை. சூடேற்றி, உணரி, பிட் மூன்றும் ஒரே குழலில் அடைக்கப்பட்டு ஒரே உருப்படியாக வருகின்றன. உணரி முனைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த உணரிக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர்.

இதன் தத்துவம் 200 ஆண்டுகள் பழையது. 1821-ல் சீபெக் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சேர்க்கையைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் அங்கே மின்சார விளைவு ஒன்று தோன்றுகிறது. இரண்டு முனைக்கும் சூட்டு வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ற வோல்ட்டேஜ் உண்டாகிறது.

அந்த வோல்ட்டேஜ் மிகமிகச் சிறியது. தொழிற்சாலைகளில் வழங்கும் 'கே' வகைத் தெர்மோகப்பிளில் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 300 டிகிரி வித்தியாசத்துக்கும் மொத்தம் 0.012 வோல்ட்தான். இதைப் பல நூறு மடங்கு பெருக்கி எண்ணாக மாற்றும் வேலையைக் கைப்பிடிக்குள் இருக்கும் சிப்புகள் செய்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தெர்மோகப்பிள் சொல்வது வித்தியாசத்தை மட்டுமே. முனை, கைப்பிடியை விட 300 டிகிரி அதிகம் என்று அது சொல்லும். கைப்பிடி எத்தனை டிகிரி என்று அதற்குத் தெரியாது. நம் ஊரில் கைப்பிடி 30 டிகிரியில் தொடங்கி, வேலை நடக்க நடக்க 45 வரை போகலாம். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் திரையில் காட்டும் சூட்டில் 15 டிகிரி தவறு வந்துவிடும். ஆகவே நல்ல அயர்ன்களில் கைப்பிடிக்குள் தனியாக இன்னோர் உணரி இருக்கிறது. இரண்டையும் கூட்டித்தான் திரையில் விடை வருகிறது.

ஒரே பாதையில் இரண்டு வேலை

இதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. சீனாவின் மினிவேர் கம்பெனி கொண்டுவந்த டிஎஸ்100, பைன்64 என்ற நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பைன்சில், ஹாக்கோவின் டி12 பிட்டுகள் ஆகியவற்றில் சூடேற்றியும் தெர்மோகப்பிளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. கரண்ட் உள்ளே போவதும் உஷ்ணச் சேதி வெளியே வருவதும் அதே இரண்டு இணைப்புகளின் வழியாகத்தான்.

உள்ளே போவது 20 வோல்ட். வெளியே வரும் சேதி 0.012 வோல்ட். ஆயிரத்து அறுநூறு மடங்கு வித்தியாசம். செண்டை மேளம் அடிக்கும்போது காதோடு ரகசியம் சொன்னால் கேட்குமா? கேட்காது. மேளம் நின்றால்தான் கேட்கும். அயர்ன் செய்வதும் அதுவே. வினாடிக்குப் பல தடவை கரண்டை அறவே நிறுத்திவிடுகிறது. சிறிது பொறுத்து, மின் அலைச்சல் அடங்கியதும் தெர்மோகப்பிளின் குரலைக் கேட்கிறது. சில மில்லி வினாடியில் கேட்டு முடித்து, மறுபடி கரண்டை விடுகிறது.

ரயில்வேயில் ஒற்றைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே தண்டவாளத்தில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் முறை வைத்து ஓடுகின்றன. ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கிறது. பாதை ஒன்றே ஆனதால் பிட் மெல்லியதாகவும் மலிவானதாகவும் அமைகிறது. வேறு சில வகைப் பிட்டுகளில் மூன்றாவது இணைப்பு ஒன்றைக் கொடுத்து உணரிக்குத் தனி வழி அமைத்திருக்கிறார்கள். அது இரட்டைப் பாதை போல.

சூட்டை அறிந்தால் மட்டும் போதாது. அறிந்ததை வைத்து எவ்வளவு கரண்ட் விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு பிரேக் போடும் டிரைவர், வண்டியை ஸ்டேஷனுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். நல்ல டிரைவர் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, இப்போது என்ன வேகம் என்று பார்த்து முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கிறார். அயர்னின் கன்ட்ரோலரும் அப்படியே. குறித்த சூட்டுக்கு இன்னும் எவ்வளவு குறைவு, எவ்வளவு நேரமாகக் குறைவு, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்ற மூன்றையும் பார்த்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கிறது. எல்லாக் கன்ட்ரோலரும் மூன்றையும் ஒரே அளவில் பார்ப்பதில்லை. எனினும் வழி இதுவே.

ஆகவே, சும்மா நிற்கும்போது இந்த அயர்ன் சில வாட் மட்டுமே செலவழிக்கிறது. பிட் செப்பைத் தொட்டுச் சூடு இறங்கத் தொடங்கியதும், கண்ணிமைக்கும் நேரத்தில் முழுச் சக்தியையும் திறந்துவிடுகிறது. பழைய அயர்னால் முடியாத காரியம் இதுதான்.

சக்தி எங்கிருந்து வருகிறது?

இனிமேல்தான் விஷயமே. கன்ட்ரோலர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இல்லாத சக்தியை அதனால் உண்டாக்க முடியாது. திறந்துவிடும் கதவுக்குப் பின்னால் சரக்கு இருக்க வேண்டும்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது சூடு. தொட்டியை நிரப்பும் குழாய் எவ்வளவு அகலம் என்பது சக்தி. மட்டம் சரியாக இருந்தாலும், கீழே பெரிய ஓட்டை விழும்போது குழாய் சிறிதாக இருந்தால் தொட்டி காலிதான். திரையில் 350 என்று காட்டிய அயர்ன், பெரிய செப்புப் பரப்பைத் தொட்டதும் 220-க்கு இறங்கினால், குறை உணரியில் இல்லை. குழாயில் இருக்கிறது.

டிஎஸ்100, பைன்சில் போன்றவற்றின் வழக்கமான பிட் சுமார் 8 ஓம் தடை கொண்டது. வோல்ட்டேஜை வர்க்கமாக்கி 8-ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 5 வோல்ட்டில் 3 வாட். 9 வோல்ட்டில் 10 வாட். 12 வோல்ட்டில் 18 வாட். 15 வோல்ட்டில் 28 வாட். மடிக் கம்ப்யூட்டரின் 19 வோல்ட்டில் 45 வாட். 20 வோல்ட்டில் 50 வாட். 24 வோல்ட்டில் 72 வாட். வோல்ட்டேஜ் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு! ஒரே அயர்ன் ஒருவரிடம் பத்து வாட் பிச்சைக்காரனாகவும் மற்றவரிடம் எழுபது வாட் பயில்வானாகவும் இருப்பதன் ரகசியம் இதுவே.

விழிஞம் துறையில் படகின் 12 வோல்ட் பாட்டரியில் மாட்டினால் 18 வாட்தான். கடற்காற்று பிட்டின் சூட்டைக் கவர்ந்து செல்லும் இடத்தில் அது சிறு வயருக்கு மட்டுமே போதும். லாரியின் 24 வோல்ட்டில் அதே அயர்ன் தடித்த கேபிளையும் பற்றவைக்கும். ரயில்வே சிக்னல் ரிலேக்களும் 24 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. ஆனால் அந்தப் பாட்டரியில் வெளிச் சாதனம் எதையும் மாட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை!

சார்ஜரோடு நடக்கும் பேரம்

யுஎஸ்பி-சி சார்ஜரில் அயர்னை மாட்டியவுடன் 20 வோல்ட் வந்துவிடுவதில்லை. முதலில் வருவது 5 வோல்ட்தான். கேபிளில் இதற்கென்றே உள்ள தனிக் கம்பியில் இருவருக்கும் பேச்சு நடக்கிறது. "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர் தருவேன்" என்று சார்ஜர் பட்டியலைப் படிக்கிறது. "எனக்கு 20 கொடு" என்று அயர்ன் கேட்கிறது. சார்ஜர் சம்மதித்த பிறகுதான் வோல்ட்டேஜ் ஏறுகிறது. சாலைக் கடைத்தெருவில் நடக்கும் பேரம்போல்தான். ஆனால் நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பேரத்தில் வாங்குகிறவர் ஏமாறும் இடங்கள் நான்கு.

ஒன்று: சார்ஜரில் '18 வாட்' என்று போட்டிருக்கும். பட்டியலைப் பார்த்தால் 9 வோல்ட், 2 ஆம்பியர். ஆனால் 8 ஓம் பிட் 9 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். 18 வாட் சார்ஜரிலிருந்து நமக்குக் கிடைப்பது 10 வாட்தான். ஆகவே வாட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. 20 வோல்ட் தருமா என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு: 45 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 2.25 ஆம்பியர்தான் தரும். 8 ஓம் பிட் கேட்பது 2.5 ஆம்பியர். இதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த அயர்ன், சார்ஜரைத் திணறவைக்காமல் 15 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது கிடைப்பது 28 வாட். 60 அல்லது 65 வாட் சார்ஜராக இருந்தால் 3 ஆம்பியர் உண்டு. முழு 50 வாட்டும் கிடைத்துவிடும்.

மூன்று: சில போன் சார்ஜர்களில் பெரிய எண்ணாகப் போட்டிருக்கும். அந்தப் பெரிய வாட் அந்தக் கம்பெனியின் சொந்தப் போனுக்கு மட்டும், அவர்களுடைய சொந்த பாஷையில் பேசினால் மட்டும் கிடைக்கும். வேற்றாள் கேட்டால் மிகச் சிறிதே தரும்.

நான்கு: கேபிள். இரு பக்கமும் சி வாய் உள்ள கேபிள் வேண்டும். ஒரு பக்கம் பழைய தட்டை வாய் இருந்தால் இந்தப் பேச்சே நடக்காது. 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் ஒரு சிறு சிப்பும் இருக்க வேண்டும்.

2021-ல் வந்த புதிய விதிப்படி இந்தச் சார்ஜர்கள் 48 வோல்ட், 240 வாட் வரை போகலாம். அதில் உள்ள 28 வோல்ட்டை ஏற்கும் அயர்னில் 8 ஓம் பிட் 98 வாட் தரும்.

பவர் பாங்கிலும் இதே விதிகள்தான். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியுள்ள பவர் பாங்கில், செல்லின் 3.7 வோல்ட் கணக்குப்படி 74 வாட் மணி சக்தி இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வழியில் விரயமானாலும், சராசரி 15 வாட் செலவில் நான்கு மணி நேரம் வேலை நடக்கும். கரண்ட் போன வீட்டிலும், மொட்டை மாடி ஆன்டெனா அருகிலும் இது பெரிய வரம். ஆனால் அந்தப் பவர் பாங்கும் 20 வோல்ட் தருவதாக இருக்க வேண்டும்.

சூட்டைக் கூட்டுவது மருந்தல்ல

காரீயமும் வெள்ளீயமும் கலந்த 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய நாடுகள் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, காரீயம் இல்லாத ஈயம் உலகெங்கும் பரவியது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய டெலிவிஷன் போர்டில் இருப்பது முதல் வகை, புதிய மொபைல் போர்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

183 டிகிரியில் உருகும் ஈயத்துக்கு ஏன் 320, 350 என்று வைக்கிறார்கள்? மட்டம் உயர்ந்திருந்தால் சூடு வேகமாகப் பாயும், இரண்டு மூன்று வினாடியில் பற்று முடிந்துவிடும் என்பதால்தான். ஆனால் பெரிய செப்புப் பரப்பில் ஈயம் உருகாதபோது, புதியவர் உடனே 400, 450 என்று ஏற்றுகிறார். பேஸ்ட் கருகுகிறது, பிட் கறுக்கிறது, பக்கத்திலிருக்கும் மெல்லிய தடம் உரிந்து வருகிறது. உருக வேண்டிய பெரிய பற்று மட்டும் உருகாமல் நிற்கிறது.

இந்த நோய்க்கு மருந்து வேறு. சூட்டை 350-லேயே விட்டுவிட்டு, ஊசி பிட்டைக் கழற்றி அகல பிட்டை மாட்ட வேண்டும். 9 வோல்ட் சார்ஜரை எடுத்துவிட்டு 20 வோல்ட் சார்ஜரை வைக்க வேண்டும். பிட்டின் நுனியில் துளி ஈயம் ஏற்றிக்கொண்டு தொட்டால் சூடு இன்னும் விரைவாகக் கடக்கும். மட்டத்தை ஏற்றாமல் குழாயை அகலப்படுத்துகிற வழி இது.

போலி பிட் விஷயத்திலும் கவனம் தேவை. கன்ட்ரோலர், அசல் பிட்டின் தெர்மோகப்பிள் கணக்கை மனத்தில் வைத்துத்தான் சூட்டைச் சொல்கிறது. வேறு உலோகச் சேர்க்கை உள்ள பிட்டை மாட்டினால் திரையில் 350 என்றிருக்கும், முனையில் 300 இருக்கலாம், 400-ம் இருக்கலாம். முனையின் சூட்டை அளக்கும் சிறு உஷ்ணமானி ஒன்று இருந்தால் சந்தேகம் தீரும். இருவர் மூவர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டாலும் போதும்.

எர்த்தை மறக்காதீர்கள்

230 வோல்ட்டைக் கையில் பிடிக்காமல் 20 வோல்ட்டைப் பிடிப்பது பெரிய பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. இரண்டு முள் மட்டும் உள்ள சார்ஜரில் எர்த் கிடையாது. அதன் உள்ளே, மின் இரைச்சலை அடக்குவதற்காக மெயின் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய கசிவு வரும். மடிக் கம்ப்யூட்டரின் உலோக உடம்பைத் தடவினால் விர்ரென்று ஓர் உணர்ச்சி தோன்றுவது இதனால்தான். மனிதருக்கு அதனால் அபாயம் இல்லை. ஆனால் அதே கசிவு பிட்டின் நுனியிலும் நிற்கும். நுண்ணிய சிப்பின் காலைத் தொட்டால் சிப்பைக் கொன்றுவிடக்கூடும்.

இதற்காகவே டிஎஸ்100 போன்ற அயர்ன்களின் பின்புறத்தில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதில் ஒரு வயரை மாட்டி, மறுமுனையை நல்ல எர்த்தில் சேர்க்க வேண்டும். பவர் பாங்கில் வேலை செய்தால் மெயின் தொடர்பே இல்லாததால் இந்தக் கசிவு கிடையாது.

பெரும்பாலான அயர்ன்களில் அசைவை அறியும் சிப்பும் உண்டு. கீழே வைத்துச் சிறிது நேரம் அசையாமல் விட்டால் அயர்ன் தூங்கிவிடும், சூடு தானாக இறங்கும். கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும். பிட்டின் ஆயுள் இதனால் கூடுகிறது. ஆனாலும் தூங்கும் அயர்னும் சுடும். வேலை முடிந்த கையோடு பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறக் கூடாது. உறை போட்டு, ஆறியபின்தான் பையில் வைக்க வேண்டும்.

வெள்ளையம்பலத்துத் தொடர்பு

பைன்சில் அயர்னுக்குள் இருக்கும் சிப், ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டமைப்பைச் சேர்ந்தது. இது எந்தக் கம்பெனிக்கும் உரிமைப்பணம் கட்டாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த அமைப்பு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் 2010-ல் தொடங்கியது. இதே அமைப்பில் இந்தியாவிலும் பிராசசர்கள் உருவாகியிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' ஒன்று. மற்றொன்று 'வேகா'. அதை உருவாக்கியவர்கள் நம் திருவனந்தபுரத்து வெள்ளையம்பலத்தில் உள்ள சி-டாக் மையத்தார். கெல்ட்ரானின் தலைமையகமும் அதே வெள்ளையம்பலத்தில்தான்.

அயர்னை நடத்தும் புரோகிராமும் ரகசியமல்ல. 'அயர்ன்ஓஎஸ்' என்ற புரோகிராமை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். கரண்டை எப்போது நிறுத்துவது, எத்தனை மில்லி வினாடி பொறுப்பது, சார்ஜரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் அதில் எழுத்தாக இருக்கிறது. உணரி, பெருக்கி, கன்ட்ரோலர், சக்தி என்று பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாகப் படித்ததெல்லாம் ஒரு சாண் நீளக் கருவிக்குள் ஒன்றாக வேலை செய்வதை ஐ.டி.ஐ. மாணவர் கண்ணாலேயே பார்க்கலாம். நம் பையன்கள் இதைத் தொழிலுக்கு மட்டுமன்றிப் படிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் நான்கு கேள்வி கேட்டால் போதும். பிட்டின் தடை எத்தனை ஓம்? அயர்ன் எத்தனை வோல்ட் வரை ஏற்கும்? என்னிடமுள்ள சார்ஜர் அந்த வோல்ட்டைத் தருமா, எத்தனை ஆம்பியர்? எர்த் திருகு உண்டா? விடைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வோல்ட்டை வர்க்கமாக்கி ஓமால் வகுத்துப் பாருங்கள். வருவது 40-க்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 10 என்று வந்தால், அயர்ன் வாங்குமுன் சார்ஜரை மாற்றுங்கள்.